அக்கா கட்டிய டாங்கியும் நான் சொன்ன பொய்யும்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் அக்காவின் ஒரே தம்பி எழுதுவது. நினைவு மலரில் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அக்காவைப் பற்றி நல்லது எழுத எனக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் என்னைப் பற்றிக் கெட்டது ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் இந்த மலரை அச்சுக்குக் கொடுத்தால் அக்கா விஷயத்தில் நான் இரண்டாவது முறையும் பொய் சொன்னவன் ஆவேன். முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவன் நான். எழுத்து எனக்குத் தொழில் அல்ல. சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது இராஜாக்கமங்கலம் கடற்கரையில், எங்கள் பழைய ஓட்டு வீட்டில். அப்பா கடலுக்குப் போனார். அம்மை மீன் சுமந்து விற்றார். நான் பிறந்த மூன்றாம் வருடம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய அக்கா, மேலே படிக்க வழியில்லாமல் நாகர்கோவிலில் பல்செட்டு செய்கிற ஒரு லேபில் தரை கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே வருடத்தில் மாவு குழைக்கவும், மெழுகு செதுக்கவும், கம்பி வளைக்கவும் பார்த்தே கற்றுக்கொண்டார். அதன் பிறகு அந்த லேபின் முதலாளியே சிக்கலான வாய் எதுவும் வந்தால் அக்காவின் மேசைக்குத்தான் அனுப்புவார். நாகர்கோவிலில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற வயதானவர்களில் எத்தனையோ பேர் அக்காவின் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். கல்யாண வீடுகளில் யாராவது சத்தமாகச் சிரித்தால் அக்கா என் காதில், "மேல்வரிசை நான் செஞ்சது, கீழ்வரிசை வேற எவனோ" என்பார். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

என்னைப் படிக்க வைத்தது அக்கா. அம்மையைக் கடைசி வரை பார்த்தது அக்கா. தனக்குக் கல்யாணம் என்று யோசிக்கும்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அத்தான் நல்ல மனிதர், துபாயில் வெல்டர். மகன் அஜின் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அங்கேயே நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். அன்றைக்கும் அக்கா உடைந்து உட்காரவில்லை. எட்டாம் நாள் லேபுக்குப் போய்விட்டார். ஊரில் சிலர் அதையும் ஒரு குறையாகப் பேசினார்கள். பேசியவர்களில் இரண்டு பேருக்கு அடுத்த வருடமே அக்காதான் பல் வைத்துக் கொடுத்தார்.

அஜின் எனக்கு மருமகன், எனக்கு இல்லாத மகன். பட்டாளத்தில் சேர்ந்து டாங்கி ஓட்டுநர் ஆனான். போன் பண்ணினால் முதலில் என்னைச் சீண்டாமல் விடமாட்டான். "மாமா, நான் ஓட்டுக வண்டிக்கு ஸ்டியரிங்கே கெடையாது கேட்டியளா, ரெண்டு லீவர்தான். ஒங்க பஸ்ஸ விட இது சுளுவு, ஆளு ஏறவும் மாட்டான், சில்லறைக்குச் சண்ட போடவும் மாட்டான்" என்பான். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு, "மக்கா, சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்பார். தினமும் அதே கேள்விதான்.

வடக்கே ஒரு பயிற்சியில், நீரைக் கடக்கும்போது டாங்கி பள்ளத்தில் சரிந்து மூழ்கியது. உள்ளே மூன்று பேர். மேலே டரட் என்கிற சுழலும் பகுதியில் இருந்த இரண்டு பேர் நீந்தி வெளியே வந்தார்கள். முன்னால் கீழே உட்கார்ந்திருந்த ஓட்டுநர் வரவில்லை. வராதவன் எங்கள் அஜின்.

சவப்பெட்டி சீல் வைத்து வந்தது. திறக்கக் கூடாது என்று உத்தரவு. நம் கரையில் மண்ணுக்குக் கொடுக்குமுன் பெற்றவள் முகத்தில் கடைசி முத்தம் கொடுப்பது எப்படிப்பட்ட விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காவுக்கு அது கிடைக்கவில்லை. முகம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் பலகைக்கு முத்தம் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, கூட வந்திருந்த பட்டாளத்துக்காரரைப் பார்த்து, "தல இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். அவர் கையால் காட்டினார். அக்கா அந்தப் பக்கம் போய் இன்னொரு முத்தம் கொடுத்தார்.

கையால் காட்டியவர்தான் கிருஷ்ணன். தோவாளைக்காரர், பூ விவசாயக் குடும்பம். அந்த டாங்கிக்கு அவர்தான் கமாண்டர். தப்பி வந்த இருவரில் ஒருவர். நாற்பத்தொன்றாம் நாள் ஜெபத்துக்கு வந்திருந்தபோது அக்கா அவரைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார். நானும் இருந்தேன். நடந்ததை அவர் விளக்கினார். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு இரும்பு மூடி இருக்கிறது, அதன் வழியாகத்தான் ஏறி இறங்குவான். டாங்கி சரிந்தபோது பீரங்கிக் குழாய் சற்று இடப்பக்கம் திரும்பி அந்த மூடிக்கு மேலேயே நின்றுவிட்டது. குழாயின் முனை கரைச் சேற்றில் குத்திக்கொண்டது. டரட்டைக் கையால் திருப்பும் சக்கரத்தை இவர் இரண்டு கையாலும் சுற்றிப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. தண்ணீர் கழுத்துக்கு வரும்வரை சுற்றியிருக்கிறார். இதையெல்லாம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தாளில் கண்ணீர் விழுந்து பேனா மை கலைந்தது.

அக்கா அழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "மேல வழியில்ல, செரி. அவன் சீட்டுக்குப் பின்னால?"

"பின்னால டரட்டுக்க கூண்டு வரும் அம்மா. அது டரட்டோட சேந்து சுத்தும். சில கோணத்துல எடைவெளி உண்டும், ஆளு பின்னால ஊந்து வரலாம். சில கோணத்துல கம்பி மறச்சுரும்."

"அண்ணைக்கு நின்ன கோணத்துல?"

"அறியாது அம்மா. அந்தக் கோணத்துல நான் எறங்கிப் பாத்ததில்ல."

அன்று முதல் அக்காவின் வாழ்க்கை அந்த ஒரு கேள்வியாகிவிட்டது. பிள்ளைக்கு ஒரு வழி இருந்ததா, இல்லையா?

நான் சொன்னேன். "அக்கா, இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, போனவன் வரவா போறான்?" அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

என் மகள் ஆன்லைனில் ஒரு பெட்டி வரவழைத்துக் கொடுத்தாள். அஜின் ஓட்டிய அதே வகை டாங்கி, முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு, பிளாஸ்டிக்கில். துண்டு துண்டாக வரும், நாம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அக்கா அதைப் பிரித்து மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "லே தம்பி, இதுல உள்ள ஒண்ணும் இல்லியே. வெறும் ஓடுல்லா குடுத்து விட்டிருக்கான்" என்றார். உண்மைதான். வெளியே நட்டு போல்டுகூடத் தெரிகிற மாதிரி அழகாகச் செய்திருந்தார்கள். உள்ளே சீட் கிடையாது, லீவர் கிடையாது, கூண்டு கிடையாது. ஓட்டுநர் மூடி திறக்கவே திறக்காது, அச்சிலேயே மூடி வார்த்திருந்தார்கள். விளையாட்டாக ஒட்டுகிறவர்களுக்கு அது போதும். அக்காவுக்குப் போதாது.

அப்போதுதான் அக்கா ஒவ்வொன்றாகத் தானே செய்ய ஆரம்பித்தார். லேபில் கற்ற வேலை அத்தனையும் அதில் இறங்கியது. பல்லுக்கு முறுக்குகிற எஃகுக் கம்பியில் இரண்டு லீவர். பால் பவுடர் டின்னை வெட்டி மூன்று பெடல். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளில் துளைபோடும் ஊசியால் தட்டி எடுத்த மீட்டர் வட்டங்கள். ஊசி போட்ட சிரிஞ்சின் முனையை அறுத்துக் குழாய்கள். பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவிக் கண்ணாடி. பெட்டியில் வந்த பிளாஸ்டிக் சட்டத்தை விளக்கில் காட்டி இழுத்தால் மயிரிழை மாதிரி நீளும், அதில் ஒயர்கள். சீட்டை முதலில் மெழுகில் செதுக்கி, பல்செட்டு வார்க்கிற அக்ரிலிக்கில் வார்த்தார். அக்ரிலிக் ரோஸ் நிறம்தானே. நான் பார்த்துவிட்டு, "என்னக்கா, டாங்கிக்கு ஈறு வச்சுருக்கியா?" என்று கேட்டேன். அஜின் போன பிறகு அக்கா சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

அளவு தவறக் கூடாது என்பதில் அக்கா பேயாக நின்றார். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். "மூணர சென்டிமீட்டர்ல ஒரு ஆளு சாவுகதும் பொழைக்கதும் உண்டும்" என்பார். இடப்பக்க லீவரை மட்டும் பதினோரு முறை செய்து தூக்கிப் போட்டார். உலகத்தில் எங்கெங்கோ இந்த வண்டியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அதற்குள் இறங்கி அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். என் மகள் அதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். கிருஷ்ணனும் உதவினார். பட்டாளத்தில் பார்த்ததை அவர் வாயால் சொல்லக் கூடாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அக்கா போனில் தான் கண்டுபிடித்த அளவுகளை வாசிப்பார். "தப்பு இருந்தா நான் இருமுகேன் அம்மா" என்று சொல்லியிருந்தார் அவர். சில நாள் அந்தப் பக்கம் ஒரே இருமலாக இருக்கும். அக்கா அதை அடித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுவார். அந்த நாட்களில் அக்கா அவரைப் பிள்ளையைப் போலத்தான் நடத்தினார் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருமுறை நம் மாநிலத்திலேயே வடக்கே ஒரு ஊர்ப் பூங்காவில் பழைய டாங்கி ஒன்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயில் ஏறிப் போனோம். அக்காவுக்கு அப்போதே சர்க்கரையில் வலக்கண் மங்கிவிட்டது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு டாங்கி மேல் ஏறிவிட்டார். வாட்ச்மேன் ஓடி வந்து, "அம்மா, ஏறக் கூடாது, இறங்குங்க!" என்று கத்தினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் அக்காவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "நான் டீ குடிச்சிட்டு வரேன், பாத்து இறக்கிவிடுங்க" என்று சொல்லிப் போனார். அக்கா ஓட்டுநர் மூடியைக் கண்டுபிடித்து இழுத்தார். வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். விடாமல் இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு அதன் மேலேயே கவிழ்ந்து படுத்து, தையல் டேப்பால் நீளம் அகலம் அளந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வரும்போது ரயிலில் கைகளை மடியில் விரித்து வைத்திருந்தார். உள்ளங்கை இரண்டிலும் துரு ஏறியிருந்தது, கழுவவே இல்லை.

அஜினைச் செய்தது கடைசியில். பட்டாளத்தில் சேரும்போது எழுதிய உயரத்தை முப்பத்தைந்தால் வகுத்தார். வீட்டில் கிடந்த அவன் சட்டையை விரித்துத் தோளை அளந்தார். மெழுகில் செதுக்கி, பல்லுக்கு உள்ள கெட்டி அக்ரிலிக்கில் வார்த்து, முழங்காலிலும் இடுப்பிலும் தோளிலும் மடங்குகிற மாதிரி கம்பி கோத்தார். விரல் நீளம்கூட இல்லை. முகம் வைக்கவில்லை.

இதற்குள் இடக்கண்ணிலும் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், எதற்கும் நிற்கவில்லை. சிறுநீரகமும் போய் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கூண்டின் கம்பிகளை அக்கா பார்த்து ஒட்டவில்லை, நகத்தால் தடவித் தடவி ஒட்டினார். நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை வைத்துவிட்டு என்னிடம், "எவ்வளவு காட்டுகு?" என்று கேட்பார். நான் வாசிப்பேன். ஒரு கோடு கூடினாலும் பிய்த்து மறுபடி ஒட்டுவார். "கண்ணு போறதுக்குள்ள முடிச்சிரணும் தம்பி, முடிச்சிரணும்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தார். முடித்தார். ஆனால் முடித்த வாரத்தில் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

சோதித்துப் பார்க்கும் வேலை அதனால்தான் என் கைக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கிருஷ்ணன் போட்ட படத்தில் இருந்த கோணத்துக்கு டரட்டைத் திருப்பி வைத்தோம். அக்கா முதலில், தான் அறுத்துத் திறக்கும்படி செய்திருந்த ஓட்டுநர் மூடியை விரலால் தூக்கிப் பார்த்தார். குழாயில் இடித்து நின்றது. "மேல இல்ல" என்றார். பிறகு அந்தச் சின்ன உருவத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "சீட்டுல உக்கார வச்சு, பின்னால விட்டுப் பாரு. தோள சரிச்சுப் பாரு. அமுக்காத, அமுக்குனா பிளாஸ்டிக் வளஞ்சு குடுக்கும், இரும்பு குடுக்காது."

அடிப்பக்கத்தை அக்கா திறந்து மூடும்படி செய்திருந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெழுகு எடுக்கும் இடுக்கியால் உருவத்தைப் பிடித்து, சீட்டிலிருந்து பின்னால் நகர்த்தினேன். கம்பியில் தோள் முட்டியது. தோளைச் சரித்தேன். உரசிக்கொண்டு போனது. இடுப்பு போனது. கால் போனது. அஜின் பின்னால் கூண்டுக்குள் வந்துவிட்டான். நான் அமுக்கவே இல்லை.

நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பார்வையில்லாத அந்தக் கண் இரண்டும் என் கைப்பக்கம் திரும்பியிருந்தன. போகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பிறகு அவன் ஏன் வரவில்லை? இருட்டிலா, பயத்திலா, வழி தெரியாமலா, அம்மையைக் கூப்பிட்டுக்கொண்டா? மீதி நாளெல்லாம் அக்கா அதைக் கேட்டே சாவார் என்று எனக்குப் பட்டது.

"போவல்ல அக்கா" என்றேன்.

"தோள சரிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். போவல்ல."

"நல்லா பாத்தியா லே?"

"நல்லா பாத்துட்டேன் அக்கா. வழியே இல்ல."

அக்கா நாற்காலியில் சாய்ந்தார். நிம்மதியாகிவிட்டார் என்று நினைத்தேன். மடையன் நான். கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னார். "அப்போ அந்தக் கொழாய் ஒண்ணுதான் வழி. கிருஷ்ணன் அதத் திருப்பல்ல. எம்புள்ளய உள்ள வச்சுட்டு அவன் நீந்திட்டான்."

நான் இப்படி ஒன்று வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் பொய்யும் வெளியே வரும், வழியும் வெளியே வரும்.

அஜினின் நினைவு நாளுக்கு, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த கிருஷ்ணன் வழக்கம்போலத் தோவாளையிலிருந்து ஒரு கூடைப் பிச்சிப்பூ கொண்டுவந்தார். அக்கா உட்காரச் சொல்லவில்லை. "நீ கொழாயத் திருப்பியிருந்தா எம்புள்ள மேல வந்திருப்பான். வேற வழியே இல்லியாம். நான் கட்டிப் பாத்துட்டேன்" என்றார். கிருஷ்ணன் மேசையில் இருந்த டாங்கியைப் பார்த்தார். மெதுவாக அடிப்பக்கத்தைத் திறந்தார். உருவத்தை எடுத்துச் சீட்டில் வைத்துப் பின்னால் நகர்த்தினார். அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. போனது. அவர் தலை தூக்கி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உருவத்தைத் திரும்பச் சீட்டில் வைத்து மூடிவிட்டு, "மாப்பு அம்மா" என்று மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டு வெளியே போனார்.

பஸ் ஸ்டாப்பு வரை பின்னாலேயே ஓடினேன்.

"போவுதே அண்ணாச்சி" என்றார்.

"ஆமா."

"பின்ன ஏன் அம்மையிட்ட இல்லேண்ணு சொன்னிய?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நான் சொன்னா எனக்கு வேண்டி நான் பேசுகது மாதிரி ஆயிரும். ஒங்க வாயாலதான் சொல்லணும் அண்ணாச்சி. சொல்லுவியளா?" என்றார். "சொல்லுகேன்" என்றேன். பஸ் வந்தது, போய்விட்டார்.

அதன் பிறகு அக்கா இருந்தது இரண்டு மாதம். வாரம் இரண்டு முறை நாகர்கோவிலுக்கு டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று ஏறுவேன். ஆட்டோ ஊரைத் தாண்டும்போது, போகும்போது வேண்டாம், களைத்துப்போவார், வரும்போது சொல்லலாம் என்று தோன்றும். வரும்போது அக்கா என் தோளில் சாய்ந்து கிடப்பார். இந்த முகத்தில் எப்படிச் சொல்வது என்று தோன்றும். எத்தனையோ ஆயிரம் பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு, ஒரு வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் அக்கா கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னார். நீங்களும் கேட்டீர்கள். "அவன் எனக்க அடக்கத்துக்கு வரப்புடாது" என்று எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். நான் சத்தியமும் செய்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அக்கா பேச்சு குழறிக் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் தீவிரப் பிரிவில் வைத்தார்கள். அப்போதுதான் எனக்கு மரண பயம் பிடித்தது, என் சாவைப் பற்றி அல்ல. டாங்கியை ஒரு பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். நர்ஸிடம் கெஞ்சி உள்ளே நுழைந்தேன். அக்காவின் கையைப் பிடித்து விரல்களை உள்ளே வைத்து, உருவத்தை நகர்த்தி, "அக்கா, போவுது, பாரு, போவுது, நான் பொய் சொன்னேன், கிருஷ்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று காதில் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். விரல் அசையவில்லை. "அவங்களுக்குக் கேக்காதுங்க, நினைவு இல்ல" என்றார் நர்ஸ். அன்று மாலையே அக்கா போய்விட்டார்.

அடக்கத்தன்று என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கிருஷ்ணன் பூக்கூடையோடு வாசலுக்கு வந்தார். நம் ஆட்கள் சிலர் எழுந்து மறித்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். அத்தனை பேர் முன்னால் அவர் முகத்தைப் பார்த்து, "அக்கா வரண்டாம்னு சொல்லியிருக்கு" என்றேன். "செரி அண்ணாச்சி. இந்தப் பூவையாவது வச்சிருங்க" என்றார். அதையும் வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். அக்காவின் பெட்டிக்கு நாகர்கோவிலில் வாங்கிய மாலை போட்டோம்.

இந்த ஒரு வருடம் நான் எப்படி இருந்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். அதைச் சொல்லி உங்களிடம் இரக்கம் வாங்க எனக்கு உரிமை இல்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவுக்கு வேலையும் மரியாதையும் கொடுத்த லேப் முதலாளிக்கும் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் நன்றி. கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் நர்ஸுகளுக்கும், எத்தனை முறை கூப்பிட்டாலும் வாசலில் வந்து நின்ற ஆட்டோக்காரருக்கும், அன்று டீ குடிக்கப் போன அந்த வாட்ச்மேனுக்கும் நன்றி. பங்குத்தந்தைக்கும், பாடல் குழுவுக்கும், பந்தலுக்கும் சமையலுக்கும் ஓடிய அத்தனை பேருக்கும் நன்றி. அக்கா செய்த டாங்கியைத் திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தில் மேசை மேல் வைத்திருப்பேன். இடுக்கியும் பக்கத்தில் இருக்கும். நான் எழுதியதை நம்பாதவர்கள் தாங்களே விட்டுப் பார்க்கலாம். அமுக்க வேண்டாம், தோளைச் சரித்தால் போகும். அவன் ஏன் வரவில்லை என்று மட்டும் யாரும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அக்காவும் தெரியாமல்தான் போனார்.

போன வாரம் தோவாளைக்குப் போனேன். கிருஷ்ணன் தோட்டத்தில் பிச்சி பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாருங்க அண்ணாச்சி" என்றார். நினைவு நாளுக்கு அழைக்க வந்தேன் என்று சொன்னேன். அவர் பூக்கூடையைக் கை மாற்றிக்கொண்டு, "அம்மையிட்ட நீங்க எல்லாத்தையும் சொன்ன பொறவும் என்னை வரண்டாம்னுதானே அண்ணாச்சி சொன்னாங்க. அவங்க விருப்பத்த மீறி நான் எப்படி வாறது?" என்றார்.

ஒரு வருடமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொல்லிவிட்டேன் என்றும், வழி இருந்தது என்று தெரிந்த பிறகும் அக்கா அவரை மன்னிக்கவில்லை என்றும்.

"நான் சொல்லல்ல" என்றேன். "நெனவு இருந்தப்போ நான் சொல்லவே இல்ல தம்பி. சொன்னப்போ அக்காவுக்குக் கேக்கல்ல."

அவர் கையிலிருந்த கூடையை வரப்பில் வைத்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வெகுநேரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க போங்க அண்ணாச்சி" என்றார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இதை நீங்கள் வாசிக்கும்போது அவர் வந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. வந்தால் யாரும் மறிக்காதீர்கள், யாரும் எழுந்தும் போகாதீர்கள். முன்வரிசையில் குடும்பத்தாருக்குப் போட்டிருப்பதில் முதல் நாற்காலி என்னுடையது. அதில் அவரை உட்கார வையுங்கள். நான் நின்றுகொள்கிறேன்.